மூன்று காந்தமும் ஒரு கல்யாண வீடியோக்காரரும்

வணக்கம். எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்கள் மாடிப்படி ஏறுகிறீர்களா? இருமல்காரர்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? வீட்டில் குழந்தை குட்டிகள் நலமா? நல்லது. வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒரு டீச்சரின் கதை சொல்கிறேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். அந்தப் பள்ளியின் மாடியில் ஓர் அறை காலியானது. இரண்டு பக்கமும் ஜன்னல், நீளமான மேஜை, ஓரத்தில் தண்ணீர்க் குழாய். பார்த்த அன்றே டீச்சருக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. பிள்ளைகள் கையால் தொட்டு, இழுத்து, ஆட்டிப் பார்க்கிற ஓர் அறிவியல் அறை! நினைக்க நினைக்க அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் அலுவலக மேலாளருக்கும் அந்த அறைமேல் கண். அவருக்கு உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அறிவியலா, நாற்காலியா என்று சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியை.

டீச்சர் சும்மா இருப்பாரா? ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியையின் மேஜைக்கே போய்விட்டார். பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு மரப்பலகை. அதில் முக்கோணமாக மூன்று காந்தங்கள், ஒன்றின்மேல் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றின்மேல் நீலம், ஒன்றின்மேல் மஞ்சள். மேலே ஒரு சட்டத்திலிருந்து நூலில் தொங்கும் சின்ன இரும்புக் குண்டு. குண்டை ஓரமாக இழுத்து விட்டால் மூன்று காந்தமும் "இங்கே வா, இங்கே வா" என்று பிடித்து இழுக்கும். குண்டு அங்கே ஓடி, இங்கே திரும்பி, நடுவில் தயங்கி, கடைசியில் களைத்துப்போய் ஏதாவது ஒன்றின்மேல் நின்றுவிடும்.

"எதுல வந்து நிக்கும்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"தெரியாது மேடம்."

"டீச்சருக்கே தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது மேடம். அதுதான் இதுல விசேஷமே."

குண்டு நீலத்தில் நின்றது. இன்னொரு முறை விடச் சொன்னார். அதே இடத்திலிருந்து விட்டதும் மஞ்சளில் போய் நின்றது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "பரிசோதனைன்னா ஒரே விடை வரணும் இல்லையா? இது என்ன, நேரத்துக்கு ஒண்ணு சொல்லுது? சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நல்லாப் பழகி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. அவங்களுக்குப் புரிஞ்சா அறை உங்களுக்கு. புரியலைன்னா நாற்காலிக்கு."

வீடியோ என்றதும் டீச்சருக்குக் கவலையே வரவில்லை. வீட்டிலேயே ஒரு வீடியோக்காரர் இருக்கிறாரே! கணவரின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பதில் கெட்டிக்காரர். டீச்சர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவர் அரை டிராயர் போட்ட பையன். அதனால் இன்றைக்கும் டீச்சருக்கு அவர் "நீ, வா, போ"தான்.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் சோபாவை நகர்த்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கு பொருத்தி அமர்க்களப்படுத்திவிட்டார் கொழுந்தனார்.

"அண்ணி, நீங்க ஒண்ணுமே கவலைப்படாதீங்க. என்கிட்ட ஒரே கேமராதான். அதனால முதல்ல தூரத்துல இருந்து ஒண்ணு எடுப்பேன். அப்புறம் அதையே கிட்டப் போய் ஒண்ணு. ரெண்டையும் ஒட்டினா பாக்கறவங்களுக்கு ஒரே ஓட்டம் மாதிரி இருக்கும். கல்யாணப் பொண்ணை மூணு தடவை மாடிப்படி இறங்க வெச்சு, மூணு தடவையும் ஒரே மாதிரி சிரிக்க வெச்சவன் நான்."

"இது பொண்ணு இல்லையே தம்பி," என்றார் டீச்சர் மெதுவாக.

"பொண்ணே கேக்குது. இரும்புக் குண்டு கேக்காதா?"

சோபாவில் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "மஞ்சள்ல நிக்கும் பாரு," என்றார், யாரும் கேட்காமலே.

தூரத்திலிருந்து எடுத்தார். குண்டு ஆடி அலைந்து சிவப்பில் நின்றது.

"நான் அப்பவே நினைச்சேன் சிவப்புன்னு," என்றார் மாமியார்.

கேமராவைக் கிட்டத்தில் வைத்து எடுத்தார். நீலத்தில் நின்றது.

"அண்ணி, சிவப்புல நிக்கணும்."

"நிக்கணும்னு நான் சொன்னா அது நிக்குமா?"

"நீங்க விட்டது சரியில்லை. நகருங்க, நான் விடறேன்." விட்டார். மறுபடியும் நீலம். "சரி, இதுக்கு நீலம்தான் பிடிச்சிருக்குபோல. தூரத்து ஷாட்டையே நீலத்துல எடுத்துடலாம்." கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிப் பழைய இடத்திலேயே திருகி வைத்தார். குண்டு மஞ்சளுக்குப் போனது. அடுத்தது சிவப்பு. அதற்கடுத்தது மறுபடியும் மஞ்சள். கிட்டத்தில் வைத்தபோது விடாமல் வந்த நீலம், தூரத்துக்குப் போனதும் முகத்தையே காட்டவில்லை.

"ஃபேன் காத்துதான் காரணம்," என்று ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. "அம்மா, நீ கொஞ்சம் மூச்சு விடாம இரு."

"ஏன்டா, உன் குண்டு ஓடணும்னு நான் மூச்சை நிறுத்தணுமா? பெத்த தாய்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அந்த நேரம் பார்த்து டீச்சரின் கணவர் கடையிலிருந்து வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். எறும்புக் கால் அளவு திருகாணியைக் கூடத் தவற விடாத கை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையால விடறதுதான் தப்பு. கை நடுங்கும்," என்றார். தையல் நூலை எடுத்துக் குண்டைப் பின்னுக்கு இழுத்து, ஒரு நாற்காலிக் காலில் கட்டினார். பலகையில் பென்சிலால் அடையாளம் வைத்தார். குண்டு அசைவு நிற்கும்வரை காத்திருந்து, சின்னக் கத்திரியால் நூலை நறுக்கென்று வெட்டினார்.

சிவப்பு. மறுபடியும் கட்டி, வெட்டினார். நீலம்! "ஆஹா!" என்று தம்பி குதித்தார். குதித்த வேகத்தில்தான் கேமராவை ஓட விடாதது நினைவுக்கு வந்தது.

"ஏன்டா!" என்றார் கணவர்.

"பரவாயில்லை அண்ணா, அதே மாதிரி இன்னொண்ணு." கட்டி, வெட்டினார். மஞ்சள்.

"பாத்தியா, மஞ்சள்!" என்று மாமியார் கை தட்டினார். கூடத்தில் சந்தோஷமாக இருந்தது அவர் ஒருவர்தான்.

கணவர் கத்திரியை வைத்துவிட்டு அடையாளத்தையே உற்றுப் பார்த்தார். "அதே இடத்துலதானே வெச்சேன்?"

"அதே இடம் இல்லைங்க, கிட்டத்தட்ட அதே இடம்," என்றார் டீச்சர். "முடி அளவுகூட வித்தியாசம் இருக்காது. ஆனா மூணு காந்தத்துக்கு நடுவுல போகும்போது அந்தத் துளி வித்தியாசம் ஒவ்வொரு திருப்பத்துலயும் பெருசாகிட்டே போகும். இதுக்குத்தான் கேயாஸ் தியரின்னு பேரு. தாறுமாறா ஓடற மாதிரி இருக்கும், ஆனா எல்லாம் விதிப்படிதான் ஓடும். முன்கூட்டிச் சொல்லத்தான் முடியாது."

"இதை எல்லாம் கமிட்டிக்கு யார் சொல்றது?" என்றார் தம்பி. "அண்ணி, நான் ஒரு வழி சொல்றேன். குண்டைச் சிவப்புக்குப் பக்கத்துலயே வெச்சு விடுங்க. ஒவ்வொரு தடவையும் சிவப்புலதான் நிக்கும்."

"நிக்கும். பக்கத்துல விட்டா எப்பவும் அங்கேயேதான் நிக்கும். அதுல காட்டறதுக்கு என்ன இருக்கு?"

"அப்போ ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிடலாம். எங்க நிக்குதோ அங்க நீல ஸ்டிக்கர். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் நெருங்கிவிட்டது. மாடி அறையின் இரண்டு ஜன்னலும், நீள மேஜையும், அதன்மேல் கால் ஒடிந்த நாற்காலிகளும் கண்முன் வந்தன. கை தானாக நீல ஸ்டிக்கரின் ஓரத்துக்குப் போனது. நகத்தால் ஒரு மூலையைப் பெயர்த்தும்விட்டார். பிறகு கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"வேண்டாம் தம்பி. இப்படி வாங்கின அறையில நின்னு நான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினா, தொண்டையில சத்தமே வராது. நாற்காலி வந்தா வந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். டீ போடத்தான் போனார் என்று கூடத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

"அண்ணியை அழ வெச்சுட்டியேடா," என்றார் கணவர்.

"நானா? இந்தக் குண்டு!" தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. லேப்டாப்பைத் திறந்தார். "ஒரே மாதிரிதான் கிளம்புது, எனக்கு நல்லாத் தெரியும். எந்த இடத்துல இது நம்மளை ஏமாத்துதுன்னு பாக்காம விடமாட்டேன்."

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகத்தின் வழியே பொண்ணு முகம் தெரியும் இல்லையா, அந்த வேலையைச் செய்தார். நூலை வெட்டி எடுத்த ஓட்டத்தில் ஒன்று சிவப்பில் நின்றது, ஒன்று மஞ்சளில். அதற்குப்பிறகு வீம்புக்குக் கணவரை இன்னொரு முறை வெட்டச் சொல்லி எடுத்தார், அது நீலத்தில் போய் உட்கார்ந்தது. கேமரா ஸ்டாண்டு அசையவே இல்லை. மூன்றையும் கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓடவிட்டார்.

திரையில் ஒரே குண்டு கிளம்பியது. ஒரே நூல். ஒரு முறை போய் வந்தது, இன்னொரு முறை போய் வந்தது. மூன்று படம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த திருப்பத்தில் குண்டின் ஓரம் கொஞ்சம் மங்கியது. அதற்கடுத்த திருப்பத்தில் இரண்டாகப் பிரிந்தது. பிறகு மூன்று. ஒன்று முன்னே ஓட, ஒன்று பின்னே திரும்ப, ஒன்று நடுவில் தயங்க, கடைசியில் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று.

கணவர் திரைக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்க மாதிரி இல்ல இருக்கு," என்றார் மாமியார்.

"அண்ணி!" என்று தம்பி போட்ட சத்தத்தில் டீச்சர் கரண்டியோடு ஓடி வந்தார். பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்தபோது கரண்டியிலிருந்து டீ சொட்டிக் காலில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"தம்பி, நான் வருஷக்கணக்கா கரும்பலகையில எழுதி எழுதிக் காட்டினதை நீ கண்ணுக்கு முன்னாடி காட்டிட்டியேப்பா! ஒண்ணையும் வெட்டாதே, ஒட்டாதே. இப்படியே அனுப்பு."

"பின்னணியில கொஞ்சம் வயலின் போடட்டுமா?"

"வேண்டாம்."

"கடைசியில ரெண்டு பூ மட்டும் விழற மாதிரி?"

"தம்பி!"

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். டீயை யார் குடித்தார்கள், யார் ஆற வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவழியாகத் தலைமையாசிரியையின் போன் வந்தது. டீச்சர் எழுந்து நின்றே பேசினார்.

"டீச்சர், மேலாளர் கேட்டார், இந்த மூணுல எது சரியான விடைன்னு."

டீச்சர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நானே சொல்லிட்டேன். மூணும் சரிதான், கிளம்பும்போதே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருந்திருக்கு, ஓட ஓட அதுதான் பெருசாயிருக்குன்னு. சரியாத்தான் சொன்னேனா?"

"என்னைவிட நல்லாச் சொல்லியிருக்கீங்க மேடம்!"

"அன்னைக்கு என் மேஜையிலயே காட்டினீங்க, எனக்குத்தான் உறைக்கலை. திங்கக்கிழமை வந்து அறைச் சாவியை வாங்கிக்குங்க. நாற்காலியை எல்லாம் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடச் சொல்லிட்டேன்."

போனை வைத்த டீச்சர் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "விடும்மா, தலை சுத்துது!" என்று அவர் கத்தினார். கொழுந்தனாரோ அதற்குள் அறிவியல் அறையின் பெயர்ப்பலகைக்கு என்ன எழுத்து, என்ன வண்ணம் என்று அண்ணனோடு சண்டைக்கு நின்றுவிட்டார்.

கதை இவ்வளவுதான். இனி உங்கள் முறை. அதே கை, அதே அளவு, அதே அடுப்பு என்று எல்லாம் ஒன்றாக இருந்தும் இரண்டாம் தடவை வேறு மாதிரி வந்து உங்களைத் திருதிருவென்று விழிக்க வைத்தது எது? தைத்த சட்டையா, நட்ட செடியா, பெற்ற பிள்ளையா? வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள். நீளமாக இருந்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன்.