முருகைத் தொட்டி

பிளாஸ்ரிக் வாளியைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுவிட்டுச் சந்தியோகு அரைமணி நேரமாகக் குந்தியிருந்தான். வாளிக்குள் மூன்று முருகைக் கற்கள், உயிருள்ள பவளங்கள், இருந்தன. விடியமுன் இரண்டு ஆள் ஆழத்தில் மூழ்கி, அலவாங்குக் கம்பியால் அடியில் தட்டி, உயிரோடு பெயர்த்து எடுத்தவை. வாளித் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். இடைக்கிடை ஒரு சிரட்டைத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து அள்ளி வாளிக்குள் விட்டான்.

"இன்னும் முடியேல்லையோ?" என்று குசினி வாசலில் நின்று சிவக்கொழுந்து கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. அவசரப்பட்டால் உள்ளை இருக்கிற சீவன் சுருண்டுபோடும். பிறகு எழும்பாது."

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

நாரந்தனை ஊரில் வேறெந்த வீட்டிலும் இப்படியொரு கண்ணாடித் தொட்டி கிடையாது. சிவக்கொழுந்தின் புருசன் ஐயாத்துரை சிங்கப்பூரில் கிளாக்கராக இருந்து பென்சன் வாங்கி வந்தவர். அங்கே துரைமார் வீடுகளில் கண்டதைத் தன் வீட்டு ஹோலிலும் வைக்கவேண்டும் என்ற ஆசையில் காற்றடிக்கும் பம்பு வரை கப்பலில் கொண்டுவந்திருந்தார். பம்பு வந்தது, தொட்டி வந்தது, கடலைத்தான் கொண்டுவர முடியவில்லை. அதைத் தோளில் காவுவதற்கு நெடுந்தீவிலிருந்து சந்தியோகு வந்து சேர்ந்தான்.

சங்கு குளித்து இடது காது செவிடாகிப் போனவன். இனி ஆழக்கடல் ஏலாது. மனைவி செத்த மறுவருசம் புயல் அவனது வீட்டுக் கூரையையும் கொண்டுபோனது. மகள் மன்னாரில் கட்டிப்போனவள், கடிதம் போடுவதில்லை. ஐயாத்துரையின் வளவுக் கோடியில் இருந்த வண்டில் கொட்டில்தான் அவனுக்கு வீடு. செவிடனோடு கத்திக் கதைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நாலு வருசமாக அவன் வாய்விட்டுக் கதைத்ததெல்லாம் அந்தத் தொட்டியோடுதான்.

"ஞாயிற்றுக்கிழமை மகள் மீனலோசனியைப் பாக்க மாப்பிள்ளை பகுதி வருகினம். தொட்டி வடிவாய் இருக்கவேணும். ஏதும் பிழைச்சுதெண்டால் நீ நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறலாம்" என்று ஐயாத்துரை சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சந்தியோகுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கையைத் தோள்முட்டத் தண்ணீருக்குள் விட்டு, கல்லின் அடிப்பாகத்தை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாக இறக்கினான். மேலே இருக்கும் சதையில் விரல் பட்டால் அந்த இடம் அழுகிவிடும். தட்டையானதை மணலில் இருத்தினான். கொப்புக் கொப்பாக இருந்ததைக் கீழே நிழலில் வைத்தான். நாளுக்கு ஒரு சாணாக வெளிச்சத்துக்கு ஏற்றவேண்டும். மூன்றாவதை ஒரு சாண் தள்ளி வைத்தான்.

"கிட்டக் கிட்ட இருந்தால் ஒண்டையொண்டு நஞ்சாலை சுட்டுப்போடுவியள், தெரியும்தானே. பேசாமல் இருக்கவேணும்" என்று அவற்றுக்குச் சொன்னான்.

கொப்புக் கல்லில் பெருவிரல் அளவு துண்டொன்று முறிந்து வாளியில் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. அந்தத் தண்ணீரோடேயே கொட்டிலுக்குக் கொண்டுபோனான்.

பின்பக்கத்தால் வெளியேறி அவன் முற்றத்தில் கால் வைக்கும்போது, வழக்கம்போல் சிவக்கொழுந்து மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவன் நடந்த நிலத்தில் வாசலிலிருந்து தொட்டிவரை மாவிலையால் தெளித்தாள். நாலு வருசமாக நடப்பதுதான். சந்தியோகு திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. மீன்களுக்குத் தீன் போடப் போனவன் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். வெண்மணல் மஞ்சளாகக் கிடந்தது. பம்பு ஊதிய நுரையும் மஞ்சள். மூன்று கற்களும் சளி போல நூல் நூலாய் விட்டுக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் வயிறு மேலே கிடக்க மிதந்தன.

"அம்மா, இதுக்குள்ளை மஞ்சள் தண்ணி விட்டனியளோ?"

"ஓம், ஒரு வாளி ஊத்தினனான். அதுக்கென்ன? நீ தோள்முட்டக் கைவிட்டு அளைஞ்ச தண்ணி. நல்ல காரியத்துக்கு ஆக்கள் வாற வீடு. மஞ்சளாலை ஆர் செத்தது?"

சந்தியோகு காவுதடியை எடுத்தான். பொழுதுபடும்வரை அரைமைல் தூரம் நடந்து நடந்து இரண்டிரண்டு தகர டின்னாகக் கடல் தண்ணீர் சுமந்தான். பழைய தண்ணீரை இறைத்துப் புதிதை விட்டான். தோள் புண்ணாகியது. சனிக்கிழமை காலை சதை கரைந்து, கல்லில் வெள்ளை தெரிந்தது. ஹோல் முழுக்க அழுகல் நாற்றம்.

ஐயாத்துரை வந்து குனிந்து பார்த்தார். மனைவி செய்தது அவருக்குத் தெரியும்.

"வெளியாலை எடுத்துத் தும்பு போட்டுத் தேய். நாத்தம் போகவேணும்."

கிணற்றடியில் குந்தியிருந்து சந்தியோகு தேய்த்தான். விரலே படாமல் இறக்கிவைத்த கற்களை நகத்தாலும் தென்னந்தும்பாலும் சுரண்டினான். சதையில் ஊறியிருந்த மஞ்சள் விரலெல்லாம் ஏறியது. கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை, பார்க்க யாரும் வரவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு மிச்சமிருந்த மீன்களைவிட, தேய்த்துத் தொட்டிக்குள் திரும்ப வைத்த அந்தக் கற்கள்தான் பிடித்துப்போயின. சந்தியோகு கிணற்றுக்கட்டுக்கு அப்பால் நின்று வலது காதைத் திருப்பிக் கேட்டான்.

"என்ன வெள்ளை! பால் மாதிரியெல்லோ கிடக்கு!"

"எல்லாம் உந்தக் கடலிலை எடுத்ததுதான்" என்றார் ஐயாத்துரை.

பின்னேரம் அவர் வெற்றிலை போட்ட வாயோடு கொட்டில் பக்கம் வந்தார். சம்பந்தம் பொருந்திவிட்டது. முகத்தில் நல்ல சந்தோசம்.

"உது வீண் கரைச்சல், சந்தியோகு. வெறுங்கல்லே வடிவாய்க் கிடக்கு. கிணத்துத் தண்ணி விட்டுக் குளத்து மீன் நாலைஞ்சு விட்டால் போதும், கடல் காவத் தேவையில்லை. கலியாணத்துக்கு ஆக்கள் வந்து நிக்க இந்தக் கொட்டிலும் வேணும். நாளைக்கு நீ வெளிக்கிடலாம்."

"நான் எங்கை ஐயா போறது?"

"உன்ரை தீவு கிடக்குத்தானே" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

அவன் நாளை வரை நிற்கவில்லை. உடுக்கிற சாரம் இரண்டு, செபமாலை, ஒரு கையில் வாளி. முற்றத்தைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் மாவிலை தண்ணீரில் தோய்ந்து உதறும் சத்தம் நல்ல காதில் விழுந்தது.

கரைக்கு வந்து வாளியை மணலில் வைத்துப் பார்த்தான். மூன்று நாளாக யாரும் கவனியாமல் கிடந்த அந்தப் பெருவிரல் துண்டு உயிரோடு இருந்தது. அதிலிருந்த துளைக்கண் ஒவ்வொன்றும் பச்சையாக விரிந்து, சின்னச் சின்ன விரல்களை நீட்டி அசைத்துக்கொண்டிருந்தது. "நீ இருக்கிறாயோடா" என்று சந்தியோகு கேட்டான்.

அதை எடுத்துக் கடலில் விடக் கையை வாளிக்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். நகக்கண்களில் மஞ்சள் இருந்தது. கடலுக்குள் முழங்காலளவு இறங்கி, மணலை அள்ளி இரண்டு கையையும் தேய்த்தான். தூக்கிப் பார்த்தான். மறுபடியும் குனிந்து தேய்த்தான்.