உம்மா கேட்ட துஆ

உங்கள் பிள்ளைக்கு ஓர் ஆபத்து என்றால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? சாய்ந்தமருது உம்மு அல்லாஹ்விடம் சொன்னாள். அதில் தப்பே இல்லை. ஆனால் பெண்கள் பயானில், மார்க்கச் சொற்பொழிவு கேட்க வந்த ஊர்ப்பட்ட சனத்துக்கு நடுவில் இருந்து சொன்னாள்.

அவளுடைய மகள் சஹ்லா வெளியூர்க் கம்பஸ் ஒன்றில் இரண்டாம் வருடம் படித்தாள். சீனியர் ஒருவன் கொஞ்ச நாளாக அவளைப் பின்தொடர்ந்து வந்தான். நூலகத்திலிருந்து விடுதிக்குப் போகும் பாதையில், லைட் எரியாத வளைவில் வந்து நிற்பான். போன் நம்பரை மாற்றினாள். புது நம்பருக்கும் அவனுடைய மெசேஜ் வந்தது. ஒருநாள் பொழுதுபட்டு மஃரிப் நேரம் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். பின்னால் வந்த அறைத்தோழி சுஜித்தா, வீரமுனைத் தமிழ்ப் பிள்ளை, அவன் முதுகில் போட்ட போட்டில் அவளுடைய குடை முறிந்தது.

"குடை போனாப் போகுது. அவன்ட முதுகு இன்னும் நேராக் கிடக்கே, அதுதான் கவலை" என்றாள் சுஜித்தா.

கம்பஸ் நிர்வாகத்தில் முறைப்பாடு கொடுக்கவும் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாட்சி எத்தனை இருந்தாலும், பாதிக்கப்பட்ட பிள்ளை நேரில் வந்து சொல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கிருந்த மெடம் விளங்கப்படுத்தினார். சஹ்லா வருவதாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

உம்மாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லி, வாப்பாவிடம் மட்டும் இப்போது மூச்சுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். உம்மு அவரிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் பயான் முடிவில், தேவை உள்ளவர்கள் அதைச் சொல்லித் துஆ கேட்பது வழக்கம். ஒருத்தி புருஷனின் ஒப்பரேஷனுக்குக் கேட்டாள். இன்னொருத்தி மகனின் கத்தார் விசாவுக்குக் கேட்டாள். உம்முவின் முறை வந்தது. என் பிள்ளைக்குக் கம்பஸில் ஒருவன் கரைச்சல் கொடுக்கிறான், அவளை அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், எல்லோரும் கேளுங்கள் என்று அழுதாள். பெண்கள் கையேந்தி அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள். கதை கடற்கரையில் வாப்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மஜீட்டின் மகளுக்கு எவனோடோ தொடர்பு என்றாகியிருந்தது.

உம்முவிடம் நடந்ததையெல்லாம் கேட்டறிந்துகொண்டு, விசாரணைக்கு முந்திய நாள் வாப்பா மஜீட் வேன் பிடித்துக்கொண்டு வந்து விடுதிக் கேற்றடியில் நின்றார். வெள்ளிக்கிழமை போடும் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

"நீ ஒரு பிழையும் செய்யல்ல மகள். எனக்குத் தெரியும்."

"அப்ப என்னத்துக்கு வாப்பா கூட்டிப் போக வந்தீங்க?"

"ஊருக்கு நான் என்னத்தச் செல்ற?"

"நாளைக்கு நான் போகாட்டி அவன விட்டுருவாங்க. ஒரு நாள் பொறுங்க வாப்பா."

அவர் கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"நாலு ஆம்புளைக்கு முன்னால நீ அத வாயால செல்றதக் கேட்டுட்டு, எனக்கு உசிரோட இரிக்க ஏலா."

பக்கத்திலேயே இருப்பேன், ஓரடியும் விலக மாட்டேன் என்று கூடவே வந்து நின்ற சுஜித்தா கெஞ்சினாள். நீ நல்லா இருக்க வேணும் மகள், என் பிள்ளையைக் காப்பாற்றியது நீதான் என்று சொல்லிக்கொண்டே மஜீட் பெட்டியைத் தூக்கினார்.

வழி நெடுகச் சஹ்லா உம்மாவுக்குச் சொல்ல வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் குத்துகிற வார்த்தை. வாசலில் உம்மு சுவரோடு ஒட்டி நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் துஆதானே மகள் கேட்டன்."



"பசிக்கிது உம்மா" என்றாள் சஹ்லா.

உம்மு சோற்றைப் பிசைந்து நீட்டினாள். சஹ்லா வாய் திறந்தாள்.

மறுநாள் காலை விசாரணை கூடியது. சஹ்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை என்று சுஜித்தா எழும்பிச் சொன்னாள். முறைப்பாட்டை மூடினார்கள். அவன் விரிவுரைக்குப் போனான்.