கிட்வேயும் பிரான்சிஸ்டவுனும்

ஆபிரிக்கா என்று யாராவது வாயெடுத்தால் போதும், கனகலிங்கம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் சாம்பியாவில் கிட்வே, பிறகு பொட்ஸ்வானாவில் பிரான்சிஸ்டவுன் என்று இரண்டு நாட்டிலும் இரசாயனம் படிப்பித்தவர். லண்டன் ஹரோவில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகு அவருக்கு அந்தப் பேச்சு ஒன்றுதான் மிச்சம். அவருடைய மனைவி அருமைநாயகிக்கு அது முழுக்கப் பாடம். எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுகூடத் தெரியும்.

1991ஆம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனின் மறுபக்கத்து எட்மண்டனிலிருந்து இராஜேந்திரனும் அவருடைய மனைவி தவமலரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இராஜேந்திரன் ஊரில் குடிதண்ணீர் எஞ்சினியராக இருந்தவர். லண்டனுக்கு வந்ததிலிருந்து பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்து அலுத்துப்போயிருந்தவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலிருந்து வேலை வந்திருந்தது. ஒன்று சாம்பியாவில், மற்றது பொட்ஸ்வானாவில். எதை எடுப்பது என்று கேட்கத்தான் வந்தார்கள்.

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு?” என்றார் கனகலிங்கம். “கிட்வேயிலை நாங்கள் இருக்கேக்கை கடைக்குப் போனால் தட்டெல்லாம் வெறுமை. சீனி இல்லை, எண்ணெய் இல்லை. மகனுக்கு மலேரியா எண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டொக்டர் நிக்கிறார், மருந்தில்லை. பிரான்சிஸ்டவுனிலை அந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை. தார் றோட், வீட்டுக்குள்ளை தண்ணி, பிரிட்ஜ் நிறைய இறைச்சி. இஞ்சை லண்டனிலை வாங்கிறதெல்லாம் அங்கை வாங்கலாம்.”

அருமைநாயகி சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றாள். “கிட்வேயிலை நான்…” என்று தொடங்கினாள்.

“அவ சவுக்காரத்துக்கு லைனிலை நிண்டதை மறந்துபோனா,” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மலேரியாக் கதை பொய்யில்லை. காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்காக மனுசன் ஊரெல்லாம் அலைந்ததை அவள் பார்த்தவள். அதற்குப் பிறகு அந்த நாடே அவருக்கு ஆகாமல் போனது. அதில் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் கிட்வேயில் அவள் கணித ரீச்சர். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கடைக்கு எண்ணெய் வந்தால் பிள்ளைகளின் தாய்மார் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த லைனில் நின்றுதான் அவள் அவர்களுடைய பாசையைப் பழகினாள். பிரான்சிஸ்டவுனில் அவருக்கு வேலை இருந்தது, அவளுக்கு இல்லை. கேட்ட இடமெல்லாம் வெற்றிடம் இல்லை என்றார்கள். வெயிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நிறைந்து கிடக்கிற பிரிட்ஜோடு பின்னேரம் வரைக்கும் வீட்டுக்குள் இருப்பாள். மகனுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலால் செய்து பார்த்துவிட்டு, அவன் வருவதற்கு முன் அழித்து வைப்பாள்.

தவமலர் கோப்பைகள் கழுவ உதவிக்குக் குசினிக்குள் வந்தாள். ஊரில் அவளும் பயிற்றப்பட்ட ஆசிரியை. எட்மண்டனில் சுப்பர்மார்க்கெற்றில் காசு வாங்கும் மேசையில் இருந்தாள். “அக்கா, உங்களுக்கு எது பிடிச்சது?” என்று கேட்டாள்.

முன்னறையிலிருந்து தேத்தண்ணி கேட்டுக் குரல் வந்தது. அருமைநாயகி கேத்தலை வைத்தாள். “ரெண்டும் இருந்த இடந்தானே,” என்றாள்.

அந்தப் பதில் அவளை அந்தக் கிழமை முழுக்கப் போட்டு அரித்தது. வாய் திறந்து ஒரு சொல் சொல்ல ஏலாமல் போய்விட்டதே என்று தன்மீதே எரிச்சல் பட்டாள். வெள்ளிக்கிழமை கணவர் வேலைக்குப் போனதும் மெற்றோபொலிற்றன் லைன் ரெயின் எடுத்து, பஸ் மாறி, எட்மண்டனில் போய் இறங்கினாள்.

தவமலர் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். இராஜேந்திரன் பொட்ஸ்வானாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்றாள். முகத்தில் சந்தோசம். “அங்கை போனால் நானும் திரும்பப் படிப்பிக்கலாம்தானே, அக்கா.”

“அதுதான் சொல்ல வந்தனான். எனக்குக் கிடைக்கேல்லை. அங்கை இருந்த அஞ்சு வருசமும் சும்மா இருந்தனான். உமக்குக் கிடைக்கலாம், இப்ப எப்பிடியெண்டு தெரியாது. போக முதல் கேளும்.”

தவமலர் தேத்தண்ணியை ஊற்றி அவள் முன் வைத்தாள். “அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

அருமைநாயகி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்துவிட்டாள்.

தவமலர் புருசனை, வேலை தந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். வந்த பதில் இதுதான்: எஞ்சினியருக்கு எல்லா வசதியும் உண்டு, மனைவியின் வேலைக்கு ஒரு உறுதியும் தர ஏலாது. சாம்பியாவில் ரீச்சர் வேலை கிடைக்கக்கூடும், ஆனால் இராஜேந்திரன் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கடையில் சாமான் இல்லாத ஊருக்கு மகளைக் கொண்டுபோக ஏலாது என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். வீட்டில் பெரிய சண்டை. பிறகு அவர் கனகலிங்கத்துக்கு டெலிபோன் எடுத்து, அருமைநாயகி வந்து சொன்னதைச் சொன்னார்.

றிசீவரை வைத்துவிட்டு வந்த கனகலிங்கம் சத்தம் போடவில்லை. “என்னை மடையனாக்கிப் போட்டீர்,” என்றார். “பொட்ஸ்வானாவிலை உமக்கு என்ன குறை? சொல்லும்.”

“வேலை.”

“வீட்டிலை எல்லாம் இருந்ததே.”

“நான் வீட்டைச் சொல்லேல்லையப்பா. என்னைச் சொல்றன்.”

“இவ்வளவு வருசமா ஒருநாளும் நீர் இதைச் சொல்லேல்லையே.”

“அங்கை போன ரெண்டாம் மாதமே சொன்னனான். மழை வரட்டும், பாப்பம் எண்டு சொன்னீங்கள்.”

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். ஞாபகம் வருகிறதா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். வரவில்லை. அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. மறைத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். மறந்துபோனவரோடு என்னத்தைப் பிடிக்கிறது?

தை மாதம் இராஜேந்திரன் தனியாகப் பிரான்சிஸ்டவுனுக்குப் போனார். தவமலர் மகளோடு எட்மண்டனில் நின்றுவிட்டாள். இங்கேயே ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கேட்டு அலைந்துகொண்டிருந்தாள். முதல் முறை கிடைக்கவில்லை. அருமைநாயகி ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று சனம் கதைத்தது. கோயிலில் இரண்டொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தவமலர் மட்டும் இடைக்கிடை டெலிபோன் எடுப்பாள். அதிலும் முந்திய ஒட்டு இல்லை.

சித்திரையில் ஒரு கலியாணவீட்டில் கனகலிங்கத்தைச் சுற்றி நாலைந்து பேர் இருந்தார்கள். கலாவதி என்ற ஒரு டொக்டரம்மா, “மாஸ்ரர், ரெண்டு நாட்டிலும் இருந்தனீங்கள், எது திறம்?” என்று கேட்டார்.

கனகலிங்கம் பக்கத்தில் இருந்த மனைவியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். “பொட்ஸ்வானா,” என்றார். பிறகு, “எனக்கு,” என்றார்.

கலாவதி தலையாட்டிவிட்டுத் தார் றோட்டைப் பற்றி விசாரித்தார். கனகலிங்கம் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். அருமைநாயகி சேலைத் தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு, உனக்கு எது என்று யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழும்பிப் போனார்கள்.