டிரம்ஸ் இல்லாத அசல்

தம்பி வீட்டை விட்டுப் போன நாலாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அக்காவின் வலது காதிலிருந்து பாட்டு வெளியே கேட்க ஆரம்பித்தது. அப்போது அவள் வேலையில் இருந்தாள். காது ஆஸ்பத்திரி ஒன்றில் செவித்திறன் சோதிப்பது அவள் வேலை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அறை. வருகிறவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு மெஷினைத் திருகுவாள். அன்றைக்கு வந்திருந்தவர் பாய்லர் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இடி விழுந்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போகிற ரகம். அவள் மெஷினைத் தொடுவதற்கு முன்பே அவர் பட்டனை அழுத்த ஆரம்பித்தார், அதுவும் தாளம் பிசகாமல். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டார் நன்றாக இருப்பதாகவும், சோதனை இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காது டாக்டர் அவளை உட்கார வைத்து லைட் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் அழுக்கு இருந்தது. அதை எடுத்தார். பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. காதுக்குள் போகிற சத்தத்தைப் பற்றித்தான் அவர் படித்திருந்தார். வெளியே வருகிறதைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பஞ்சு வைத்து அடைத்துப் பார்த்தார், மெழுகு ஊற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிற கதையாக, பாடுகிற காதை வைத்துக்கொண்டு அந்த அறையில் யாரையும் சோதிக்க முடியாது என்பதால், அவளை வாசலில் டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அக்கா டோக்கன் கட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டிருந்தது. அந்தப் பாட்டை அவளுக்குத் தெரியும். நடுவில் டேப் அறுந்து, நகப்பாலிஷ் வைத்து ஒட்டிய இடத்தில் பாட்டு ஒரு குதி குதித்தது. ஒட்டியது அவள்தான். அந்த கேசட்டை எடுத்துக்கொண்டு போனவன் தம்பி.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய அம்மா நைட் டியூட்டி நர்ஸ். பகலில் தூங்குவாள். வீடு என்பது ஒரே ஒரு அறையும், அதன் மூலையில் ஒரு அடுப்பும்தான். கப்பல் வேலைக்குப் போன அப்பா ஒருமுறை வந்தபோது ஒரு கேசட் பிளேயரையும், பழைய ராக் பாட்டுகள் பதிந்த கேசட்டையும், ஒரே ஒரு ஜோடி இயர்ஃபோனையும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த முறை அவர் வரவில்லை. "சத்தம் மட்டும் வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். தம்பிக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது காது செத்துப் போயிருந்தது. அதனால் இடது பக்கத்து இயர்ஃபோன் எப்போதும் அவனுக்கு, வலது பக்கம் எப்போதும் அவளுக்கு. வருஷக்கணக்காக அதை அவர்கள் மாற்றிக்கொண்டதே இல்லை.

அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவுகளில், சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பி மாதிரி, பாட்டையும் கிட்டாரையும் ஒரு பக்கம் போட்டு, டிரம்ஸையும் பேஸையும் மறுபக்கம் போட்டிருப்பார்கள். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. "இந்தப் பாட்டுல யாருமே பாடலடா" என்பாள் அவள். "உனக்குக் காது அவிஞ்சு போச்சுக்கா" என்பான் அவன், ஒரு காது அவிந்தவன். சண்டை முற்றினால் அம்மா விழித்துக்கொள்வாள் என்பதால் பாதியில் விட்டுவிடுவார்கள். பிளேயரில் பேட்டரி தீர்ந்த நாட்களில் அவள் அவன் முழங்காலில் டிரம்ஸ் வாசிப்பாள், அவன் மூச்சுக்காற்றிலேயே பாடுவான்; மற்றவர் சேர்ப்பது சொந்தச் சரக்கு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். எப்போதும் அரைத் தாளம் முந்திக்கொண்டுதான் ஆரம்பிப்பான். அவள் நறுக்கென்று முழங்காலில் ஒரு குட்டு வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

பிற்பாடு அவள் செவித்திறன் படிப்புக்குப் போன இடத்தில், முதல் தடவையாக இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டி அந்தக் கேசட்டில் இருந்த ரயில் பாட்டைக் கேட்டாள். பாட்டுக்குள்ளே ஒரு ஆள் பாடிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் குடியிருந்தவனை அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி மடிக்கிற வேலைக்குப் போனான். சனிக்கிழமை சாயங்காலங்களில் டயர் கடைக்காரரின் கோடவுனுக்குப் போவான். அங்கே ஒரு ரெக்கார்ட் பிளேயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. டயர் கடைக்காரர், ஒரு பல் டாக்டர், இன்னும் சில பாட்டுப் பைத்தியங்கள், டயர்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவர வேண்டும், முடிகிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தம்பி போன முதல் நாளே, அவனுக்கு உயிரான அதே ரயில் பாட்டு ஸ்பீக்கரில் வந்தபோது எழுந்து நின்றுவிட்டான். "இது போலிங்க. அசல்ல டிரம்ஸே கிடையாது" என்றான். தெரியாத ஒருவன் இப்படிச் சொன்னால் வேறு ஆட்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பாட்டுப் பைத்தியங்களின் புத்தி வேறு. தன்னிடம் இருக்கிற பதிவைவிடத் தன்னிடம் இல்லாத பதிவுதான் உசத்தி என்று நம்புகிற கூட்டம் அது. டிரம்ஸ் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு அசல் பதிவு இருந்திருக்கிறது, கப்பல்காரர்கள் வழியாகச் சில பேர் கைக்கு வந்திருக்கிறது, அதைக் கேட்ட ஒருத்தன் நம் நடுவில் இருக்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தூர தேசத்துச் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் விசாரித்து எழுதினார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்து படுத்திருக்கிற கப்பல்காரர்களிடம் கேட்டு, பதில் சொல்ல முடியாமல் அவர்களைத் தவிக்கவிட்டார். தம்பிக்கு 'அசல்' என்றே பேர் வந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரையும் வாயாலேயே வாசித்துப் பாடிக் காட்டுவான். கோடவுனே அசையாமல் இருக்கும். அவனை நாலு பேர் மதித்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் அக்கா அவனுக்குக் குடை கொண்டுபோனாள். அன்று காலையில்தான் இருவருக்கும் சண்டை. ஆஸ்பத்திரிக்கு வா, காதைச் சோதித்து ஒரு மெஷின் வைத்துவிடலாம் என்று அவள் சொல்ல, என் காதுக்கு என்ன என்று அவன் எரிந்து விழுந்திருந்தான். குடையோடு வாசலில் நின்றவளின் காதில், புதிதாக வந்த ஒருவருக்கு அவன் அசலைப் பற்றி விளக்குவது விழுந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "அசலும் இல்ல, மண்ணும் இல்ல. இவனுக்கு ஒரு காது கேக்காது. பாதி இயர்ஃபோன்ல கேட்டுட்டு முழுப் பாட்டுன்னு நினைச்சுட்டு இருக்கான்" என்றாள். காது விஷயத்தை அவன் அதுவரை அங்கே யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தான். முதலில் பல் டாக்டர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். குடையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் அவனும் இல்லை, பிளேயரும் கேசட்டும் இல்லை. குடை மட்டும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ், பத்திரிகை, தெரிந்தவர் தெரியாதவர் என்று தேடிச் சலித்த நிலையில்தான் காது பாடத் தொடங்கியது. வந்தது பாட்டும் கிட்டாரும் மட்டும். டிரம்ஸ் இல்லை. செய்தி கேட்டு டயர் கடைக்காரரும் பல் டாக்டரும் வந்தார்கள். சமையல் மூலையில் அவளை முக்காலியில் உட்காரவைத்து, இருவரும் இரண்டு பக்கமும் குனிந்து ரயில் பாட்டை முழுதாகக் கேட்டார்கள். இத்தனை வருஷம் தேடின அசல் அதுதான். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். சிரிப்பை மூட்டிவிட்டவள் அக்காதானே.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்தக் காது ஒன்றுதான் சாட்சி. பாட்டு வருகிற நேரத்தை வைத்து அவன் எப்போது எழுந்திருக்கிறான், எப்போது வேலை விட்டு வருகிறான் என்று அம்மாவும் அவளும் கணக்குப் போட்டார்கள். சத்தம் வெளியே வரக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொன்ன அம்மா, இப்போது ஃபேனை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, மகளின் தோளில் தலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு பாட்டுகள் குறைந்தன. கேசட்டில் இருந்த மற்றதெல்லாம் நின்று, ரயில் பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அது பேட்டரி போன மாதிரி இழுத்தது. பாடுகிறவன் குரல் கிழவன் குரலாகி, தூக்கக் கலக்கத்தில் முனகுகிறவன் குரலாகி, ஒரு நாள் மத்தியானம் வார்த்தையின் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். அக்கா டோக்கன் நம்பரை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். காது டாக்டர் மட்டும் நல்லது கெட்டது தெரியாமல், குணமாகிவிட்டது, பழைய வேலைக்கே வரலாம் என்றார்.

பழைய அறைக்குத் திரும்பிய வாரத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் சின்னக் கருவியை வைத்துச் சத்தம் அனுப்பிச் சோதிப்பது தினமும் அவள் செய்கிற வேலை. நம் குரல் நமக்குக் கேட்பதில் பாதி அந்த எலும்பு வழியாகத்தான் என்று வருகிற எல்லாருக்கும் அவளே சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டது தன் காது வழியாக வெளியே வந்தது என்றால், தான் பேசுவது எலும்பு வழியாக அவனுக்கு ஏன் போகாது? இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியது என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், எங்கே பேச வேண்டும் என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோடவுனுக்குப் போனாள். அன்று சிரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதே டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நடுவில் நின்றாள். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினாள். "தம்பி, அன்னைக்கு உன் பாதியை மட்டும் சொன்னேன். என் பாதியைச் சொல்லல. படிக்கப் போறவரைக்கும் எனக்கு அந்தப் பாட்டுல ஆளே பாடல. வெறும் டிரம்ஸ்தான் பாட்டுன்னு நினைச்சிட்டு இருந்தேன். நீ முட்டாள்னா நானும் முட்டாள்தான். அதைச் சொல்லாம உன்னை மட்டும் நிக்க வச்சுட்டேன்." அவ்வளவுதான் அவளால் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. காதிலிருந்தும் எதுவும் வரவில்லை. டயர் கடைக்காரர், "நீ வாசிம்மா. அவனுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் வேணாமா?" என்றார்.

அக்கா வலது காதுக்குப் பின்னால் எலும்பில் இரண்டு விரலை வைத்து ரயில் பாட்டின் டிரம்ஸை வாசிக்க ஆரம்பித்தாள். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் டிரம்ஸ் தனியாகப் போகும், பிறகு பாட்டு சேரும். சேர வேண்டிய இடத்துக்கு அரைத் தாளம் முன்னால் ஒரு குரல் வந்தது. கேசட் குரல் இல்லை. தொண்டை கட்டின, சுருதி சேராத, மூச்சுக்காற்று கலந்த தம்பியின் குரல். அக்கா நிறுத்தினாள். குரலும் நின்றது. அவள் எலும்பில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அவன் காத்திருந்தான், மறுபடியும் முந்திக்கொண்டான். அக்கா அழுதுகொண்டே வாசித்தாள். கிட்டார் வருகிற இடத்தை அவன் வாயாலேயே வாசித்தான். அம்மா எழுந்து வந்து மகளின் காதுக்கு நேராக நின்று, "இன்னும் சத்தமாப் பாடுடா" என்றாள்.

அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது தெரியவில்லை. அவன் திரும்பி வரவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தவறுவதில்லை. கோடவுனில் மற்றவர்களுடைய பாட்டுகள் முடிந்த பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அக்காவை நடுவில் உட்கார வைப்பார்கள். காது டாக்டரும் இப்போது வருகிறார், பாய்லர் ரூம்காரரைக் கூட்டிக்கொண்டு. காது மந்தமான அவருக்கு முன்வரிசை டயர். முடிகிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் மாறவில்லை. தம்பி இன்றுவரை அரைத் தாளம் முந்தித்தான் நுழைகிறான். அக்கா இப்போதெல்லாம் குட்டுவதில்லை, அவன் நுழைகிற இடத்தில் அவனுக்குத் தகுந்தபடி தானும் அரைத் தாளம் முந்திக்கொள்கிறாள்.