வெளியே போக அனுமதி

முர்டினா அப்பாவின் இடது கையை இறக்கிப் போர்வைக்குள் வைத்தாள். தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள் அது மறுபடியும் மேலே வந்துவிட்டது. முழங்கை மெத்தையில் ஊன்றியிருக்க, விரல்கள் கூரையைப் பார்த்து விறைத்து நின்றன. விடிந்ததிலிருந்து இதேதான். வலது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. இருந்த உயிரையெல்லாம் அந்த ஒரு கைக்குக் கொடுத்துவிட்டவர்போல இருந்தார் தோர்மோத்.

"வலி இருக்கோ என்னமோ," என்றாள் நர்ஸ் ஜில், ஊசி மருந்தைச் சரிபார்த்தபடி. "வாய் அசையுது பாருங்க. என்ன சொல்றார்னு கேளுங்க. எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கல."

ஜில் தெற்கிலிருந்து தீவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் கட்டில் முனையில் நின்றிருந்த ஹெக்டர் இதே வீட்டில் பிறந்தவன். அப்பா சொல்வது அவனுக்கும் விளங்கவில்லை. அபர்டீனிலிருந்து முதல் விமானத்தைப் பிடித்து வந்த அண்ணன், இரண்டு நாளாக அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் தெரியுமே முர்டி. என்னதான் சொல்றார்?"

"முழுசாப் புரியல," என்றாள் முர்டினா.

அது பொய். விடிகாலையில் முதல் தடவை கேட்டபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை, கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தார் தோர்மோத். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று குளிர்காலத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அதிகம் போனால் மூன்று நாள் என்றார். இங்கிலீஷ் போய்விட்டது, தாய்மொழிக்குப் பிறகு கற்றுக்கொண்டது சில சமயம் முதலில் போய்விடும் என்றும் சொன்னார். மிச்சம் இருந்தது தீவின் பழைய தாய்மொழியான கேலிக் மட்டும்.

அந்தக் கேலிக்கைப் பிள்ளைகளிடம் தோர்மோத் ஒரு நாளும் பேசியதில்லை. ஆடுகளிடம் பேசுவார். அண்டை வீட்டுக்காரர்களிடமும், சாப்பாட்டு மேசையில் கர்த்தரிடமும் பேசுவார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான். முப்பத்தொரு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டினார். அந்தப் பிள்ளைகளிடமும் இங்கிலீஷ்தான். வாசலில் இறக்கிவிடுவதோடு சரி, பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

பதினெட்டு வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்து, சாயங்கால வகுப்புகளில் கேலிக்கும் கற்றுக்கொண்டு, முப்பத்தொன்பது வயதில் முர்டினா கேலிக் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். பகலெல்லாம் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் பல்கலைக்கழக வகுப்பு. முதல் நாள் உற்சாகமாகக் கேலிக்கிலேயே வந்து சொன்னவளிடம் அப்பா இங்கிலீஷில் கேட்டார்:

"இதை வச்சு என்னத்தைச் சாதிக்கப் போற?"

கோடையில் கேலிக் டீச்சர் ஓய்வுபெறுகிறார். முர்டினா தேறாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு, பதினொரு பிள்ளைகளையும் இருபது மைல் தள்ளி அனுப்பிவிடுவார்கள். ஊருக்கே இது தெரியும். கடையில் பால் வாங்கப் போனால்கூட, "எப்ப முடிக்கிற?" என்றுதான் கேட்டார்கள். படிப்பு வேண்டாம் என்று அவள் சொல்லும் காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

புதன்கிழமை நடந்ததை நினைக்கக் கூடாது என்றுதான் அவள் மறுபடி மறுபடி போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கை இறங்குவதாக இல்லை.

வகுப்பில் மிரன் என்றொரு குழந்தை. காற்றாலை வேலைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பம். வகுப்புக்குள் கேலிக் மட்டும்தான் என்பது ஏற்பாடு. யார் என்ன கேட்டாலும் கேலிக்கில் சொல்லிக் கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். புதன்கிழமை மிரன் கையைத் தூக்கி, இங்கிலீஷில் பாத்ரூம் போகணும் என்றாள். பல்கலைக்கழக மேடம் பின்பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "எப்படிக் கேக்கணும்?" என்றாள் முர்டினா கேலிக்கில், சிரித்த முகமாக. மிரன் வாயைத் திறந்தாள். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது வரவில்லை. "மறுபடி சொல்லு பார்ப்போம்." மிரனின் கை தூக்கியபடியே இருந்தது. பிறகு நாற்காலிக்கு அடியில் சொட்டும் சத்தம் கேட்டது.

மேடம் நோட்டை மூடினார். பார்வையிட்ட வகுப்பைக் கணக்கில் சேர்க்காமல், வேறொரு நாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்ததால் அப்பாவிடம் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை வயசு?"

"அஞ்சு."

"விட்டிருக்கலாமே, அந்தப் புள்ளைய."

"தெரியும்ப்பா. அதான் சொல்றேன்ல."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரவு சாப்பிட வரவில்லை. காலையில் கெட்டில் தரையில் உருளும் சத்தம்தான் கேட்டது.

"பாத்ரூம் போகணுமோ?" என்றான் ஹெக்டர் திடீரென்று. முர்டினா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"டியூப் போட்டிருக்கே," என்றாள் ஜில். "அதுக்கு அவசியமே இல்ல."

பக்கத்து வீட்டு பெல்லான் ஆட்டிறைச்சி சூப்போடு வந்து அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "வாங்க, வந்து ஒரு வாய் குடிங்க. வெறும் வயித்தோட நின்னா மட்டும் அவர் எழுந்திரிக்கப் போறாரா?" ஹெக்டரும் ஜில்லும் போனார்கள். முர்டினா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலோரம் குனிந்தாள்.

"அப்பா," என்றாள் கேலிக்கில். "நான் முர்டினா."

அவர் கண் அவளைத் தேடி வந்து, கண்டதும் ஒடுங்கியது. கோணிப்போன வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஐயா, நான் வெளியே போகணும். அதை இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

"அப்பா, இங்க ஐயா யாரும் இல்ல. நாந்தான்."

"அடிக்காதீங்க ஐயா."

சின்னப் பையனின் குரல் அது. எழுபத்தெட்டு வயதுத் தொண்டைக்குள் இருந்து வந்தது. அவள் மறுபடியும் அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கையை இறக்கக் கூடாது என்று, இங்கிலீஷ் மட்டுமே பேச விட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். மகளாக இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

முர்டினா நிமிர்ந்து நின்றாள். கார்டிகனை இழுத்துவிட்டுக்கொண்டாள். வகுப்பில் பேசும் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"தோர்மோத். நீ போகலாம்."

"இங்கிலீஷ்ல கேக்கலையே ஐயா."

"பரவாயில்ல. எதுல கேட்டாலும் சரிதான். போ."

கை மெல்ல இறங்கியது. அவள் அதைப் போர்வைக்குள் வைத்தாள். வைத்த இடத்தில் இருந்தது. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, மறுபடி ஒன்று வந்தது. அடுக்களையில் கரண்டி தட்டில் படும் ஓசை கேட்டது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் அது வரப்போவதில்லை என்று உறைத்தது.

ஹெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்றான்.

"வெளியே போகலாமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"போகலாம்னு சொன்னேன்."

ஹெக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அம்மா செத்தபோதுகூட அழாதவன். மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று முர்டினா வாயெடுத்தாள். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பிறகு என்பது வரவே இல்லை. ஞாயிறன்று ஊர் முழுக்க ஓய்வுநாள். திங்கட்கிழமை போதகர் வீட்டுக்கு வந்தபோது ஹெக்டர் அவரிடம் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை ஆலயத்தில் அது பிரசங்கமாகவே ஆகிவிட்டது.

"நம் சகோதரன் தோர்மோத் கர்த்தரிடம் விடை கேட்டான்," என்றார் போதகர். "பயமில்லாமல் கேட்டான். தாயின் மடியில் கற்ற மொழியில் கேட்டான். அந்த மொழியிலேயே பதில் சொல்ல ஒரு மகள் அவன் அருகில் இருந்தாள்."

கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் முர்டினா. ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் பெல்லான். எழுந்திருக்க வேண்டுமானால் ஆறு பேரின் முழங்காலைத் தாண்டியாக வேண்டும். பெல்லான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "குடுத்து வச்சவ கண்ணு நீ. என் புள்ளைங்க யாருக்கு என்கிட்ட அப்படிப் பேசத் தெரியும்?" சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் வேதாகமச் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் அதைப் பிடித்துக்கொண்டு அலை அலையாக இழுத்துப் பாடியது. அவளும் பாடினாள். அப்பாவின் குரல் எந்த இடத்தில் சேரும் என்று தெரியும். அந்த இடத்தில் அவள் வாய் நின்றுவிட்டது.

பெட்டியை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தேநீருக்குக் கூட்டம் தாங்கவில்லை. தலைமையாசிரியை அவளைச் சுவரோரம் ஒதுக்கி, தாழ்ந்த குரலில் பேசினாள். "அவசரம் ஒண்ணுமில்ல முர்டினா. மேடம்கிட்ட நானே பேசிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வந்து உன் வகுப்பைப் பாக்கிறாங்களாம். அன்னிக்கு நடந்ததை யாரும் மனசுல வச்சுக்கல." பிறகு தோளைத் தட்டினாள். "போதகர் சொன்னதைக் கேட்டப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. உன்னை மாதிரி ஒருத்திதான் எங்களுக்கு வேணும்."

"நான்..." என்றாள் முர்டினா.

"தெரியும், தெரியும். இப்ப எதுவும் பேசாத."

தலைமையாசிரியைக்குப் பின்னால் காத்திருந்த இளம்பெண் முன்னால் வந்தாள். மிரனின் அம்மா. இந்த ஊர்த் துக்க வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல், கையில் ஒரு கேக் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. இதைச் சொல்ற நேரமான்னு தெரியல. ஆனா உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருக்கும்னுதான்... மிரன் இப்ப அதை முழுசாச் சொல்லக் கத்துக்கிட்டா. ஒரு தப்புகூட இல்ல. வீட்ல எங்ககிட்டகூட கேலிக்ல கேட்டுட்டுத்தான் பாத்ரூம் போறா. எங்களுக்கு அது புரியாது. இருந்தாலும் நாங்க சரின்னு சொல்றவரைக்கும் அங்கேயே நிக்கிறா."

"நிக்கிறாளா?"

"ஆமா. கையைத் தூக்கிக்கிட்டு," என்று சிரித்தாள் அந்தப் பெண். "அவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

முர்டினா டப்பாவை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள்.

ஆண்கள் பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. இந்த ஊரில் இன்னும் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. வாசல்வரை போய் நின்றுவிட்டு, மழை வலுத்ததும் ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். அடுக்களையில் ஈரக் கோட்டுகளின் வாடையும் சூப்பின் ஆவியுமாக மூச்சு முட்டியது. யாரோ அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு கோப்பைத் தேநீரைத் திணித்தார்கள்.

கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. முர்டினா புறங்கையால் கொஞ்சம் துடைத்தாள். கடற்கரைச் சாலையில் ஆண்கள் இரண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். சில அடிக்கு ஒருமுறை முன்னால் தூக்கியவர்கள் விலகி நிற்க, பின்னாலிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் அவளால் பார்க்க முடிந்தது. அதற்குள் கண்ணாடி மறுபடியும் ஆவி படிந்து வெளுத்துவிட்டது.