சிரிக்கும் படம்

டீச்சர் மேசைமேல் பன்னிரண்டு முகப் படங்களைப் பரப்பினார். "மத்த பிள்ளைங்க சிரிப்பு, அழுகைன்னு சொல்றதோட சரி. உங்க பொண்ணு ஆளோட மனசையே படிச்சிடறா. வீட்ல எப்படிங்க சொல்லிக் குடுத்தீங்க?"

தையல் வேலை செய்யும் அம்மா, உடைந்து ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு ஊசியின் காதே தெரியாது. மகள் எங்கே படித்தாள் என்று அவளுக்குத் தெரியாதா? வாசலில் அப்பாவின் ஒரு செருப்பு விழுந்து, மறு செருப்பு விழத் தாமதமானால் போதும், தம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். இதைப் பள்ளிக்கூடமா சொல்லிக்கொடுத்தது, மண்ணாங்கட்டி!

"எல்லாம் எங்க வளர்ப்புதாங்க," என்று பக்கத்திலிருந்த கணவன் பல் தெரியச் சிரித்தான்.

"இந்த ஒண்ணுலதான் தப்பு பண்ணிட்டா," என்று டீச்சர், வாய்கொள்ளாமல் சிரிக்கும் ஒரு மனிதனின் படத்தை எடுத்துக் காட்டினார். "சந்தோஷம்னு எழுதாம, 'வீட்டுக்குப் போனதும் அடிப்பாரு'ன்னு எழுதியிருக்கா. எட்டு வயசுப் பிள்ளைதானே, விடுங்க!"

கணவனின் சிரிப்பு குறையவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமானது.

சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் அந்தச் சிரிப்பை ஒரு நொடி பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அம்மாவின் முகத்திலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.