முதலில் தீக்குச்சி

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறவர். முதலில் விறகை அடுக்குவார், அப்புறம் சாவகாசமாகத் தீப்பெட்டியைத் தேடுவார். அந்தப் பழக்கம் இன்று எங்களைக் காவு வாங்கப் பார்த்தது.

பேக்கரிக்கு மேல்தான் எங்கள் வீடு. எங்கள் ஒரே மகளின் இழுப்புச் சத்தம் மாடிப்படியிலேயே கேட்கும். "புகைதாம்மா காரணம்" என்று சொல்லிச் சொல்லி டாக்டருக்கே அலுத்துப்போயிற்று. இந்த வருஷம் ஊர்ப் புகையைக் குறைக்க நகராட்சி மானியம் கொடுத்து, எங்களுக்கு கேஸ் அடுப்பு வந்தது. பழைய அடுப்பை இடிக்க வேண்டும் என்றார்கள். போன வாரம் இடித்தோம். இன்று காலை அதிகாரி வந்து புது அடுப்பு எரிவதைப் பார்ப்பதாக ஏற்பாடு. எரியாவிட்டால் அது அடுத்த கடைக்குப் போய்விடும்.

"அந்தச் சனியன் வெடிச்சா என்னடி பண்றது?" என்று இவர் தினமும் புலம்பினார்.

"வாயைக் கழுவுங்க" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். குமட்டும் நாற்றம். திரும்பினால், மனுஷர் கேஸ் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, அலமாரியில் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கிறார்! புகையில் இவருக்கு மூக்கு செத்து எத்தனையோ காலம் ஆகிறது. தீப்பெட்டி அகப்பட்டது. குச்சியையும் எடுத்துவிட்டார்.

"ஐயோ, கொளுத்தாதீங்க!"

மாவுக் கையோடு பாய்ந்து தட்டிவிட்டேன். வால்வை மூடிக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன்.

"புள்ள மேல இருக்காளே" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

ஓடினேன். பாதிப் படியில் வழக்கமாகக் கேட்கும் இழுப்பு கேட்கவில்லை. கேஸ் மேலே ஏறிவிட்டதா? படுத்திருந்தவளின் மூக்கருகே விரலை வைத்தேன். மாவு அப்பிய விரலில் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை வைத்தேன். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

"என்னம்மா, மூஞ்சியெல்லாம் மாவு?" என்று எழுந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

தெருவில் இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நமக்கு இது சரிப்படாது. அதிகாரியைத் திருப்பி அனுப்பிடுவோம். விறகு அடுப்பையே மறுபடி கட்டிடலாம்."

வந்த கோபத்துக்கு அளவில்லை. மகளை அவர் மடியில் உட்காரவைத்தேன்.

"முதுகுல காதை வச்சுக் கேளுங்க."

வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

"ஒண்ணும் கேக்கலையேடி."

"விறகு அடுப்பு அணைஞ்ச நாள்லேர்ந்து இழுப்பு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. பயந்து செத்ததுல நாம கவனிக்கவே இல்ல."

அவர் மகளை இறுக்கிக்கொண்டார்.

நாற்றம் சுத்தமாகப் போனபின் இருவரும் உள்ளே போனோம். மகள் எதிர்த்த கடை வாசலில் நின்றாள். நான் குச்சியை உரசி, பர்னர் பக்கத்தில் நீட்டினேன்.

"இப்பத் திறங்க" என்றேன். அவர் வால்வை மெல்லத் திருகினார்; பர்னரைச் சுற்றி நீலத் தீ பற்றிக்கொண்டது.